ராபர்ட் காக்ரேன்

ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் (1899 - 1985) ஒரு பிரித்தானிய மருத்துவர், தொழுநோய் ஆய்வாளர். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றியவர். டாப்சோன் என்னும் மலிவான மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து அதன் பயனை முதன்முதலில் நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். அந்த ஆய்வு 1946 ஆம் ஆண்டில் திருமணியில் தொடங்கியது. தொழுநோயைக் கண்டறிவதிலும் வகைப்படுத்துவதிலும் இவர் செய்த பணிகளும் முக்கியமானவை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இவர் பெயரால் அமைந்தது அன்று. அது ஆர்ச்சி காக்ரேன் (1909 - 1988) என்ற மற்றொரு மருத்துவரின் பெயரைத் தாங்கியது. இருவரும் ஸ்காட்லாந்துத் தொடர்புடையவர்கள்.

பிறப்பும் கல்வியும்

காக்ரேன் 1899 ஆம் ஆண்டு சீனாவில் பிறந்தார். தந்தை தாமஸ் காக்ரேன் அங்கு சமயப் பணியில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர். ராபர்ட் கைக்குழந்தையாக இருந்தபோது, 1900 ஆம் ஆண்டில், வெளிநாட்டவர்களுக்கு எதிரான பாக்சர் கலகம் வெடித்தது. குடும்பம் உயிர் தப்பியது. தந்தை பின்னர் பெய்ஜிங் நகரில் ஒரு மருத்துவக் கல்லூரியை நிறுவினார்.

மகன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் தொழுநோயாளர் பணிக்கான சமய அமைப்பு ஒன்றின் சார்பில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தொழுநோய் ஆய்வை நடத்தி வந்த எர்னஸ்ட் மியூர் இவருடைய ஆசிரியர் ஆனார். இந்தியாவில் தொழுநோயின் நிலை பற்றிய இவரது ஆய்வறிக்கை 1927 இல் நூலாக வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகள் இலண்டனில் பிரித்தானியப் பேரரசுத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளராக இருந்தார். 1931 இல் மணிலாவில் கூடிய பன்னாட்டுத் தொழுநோய் மாநாட்டில் பங்கேற்றார். உலகத் தொழுநோய்ச் சங்கம் தோன்றியது அங்குதான்.

திருமணி

1935 ஆம் ஆண்டில் காக்ரேன் திருமணிக்கு வந்து சேர்ந்தார். லேடி வில்லிங்டன் மருத்துவமனை அதற்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் முன்னர் அரசின் உதவியோடு ஸ்காட்லாந்துத் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதி அதனுள் அடங்கியிருந்தது. குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்படும் உத்திரமேரூர் அப்பொழுது அம்மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் இருந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய நெல் விளையும் இவ்வூர்ப்புறங்கள் சென்னை மாகாணத்தில் தொழுநோய் மிகுதியாகக் காணப்பட்ட பகுதிகளுள் ஒன்று.

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 இலேயே கண்டறிந்து விட்டார். ஆயினும் அதனால் நோயாளிக்கு உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை. அந்த நுண்ணுயிரை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலாது, இன்றளவும் இயலவில்லை. அது ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறக்குறைய இரண்டு வாரங்கள் எடுத்துக் கொள்ளும். தொற்றியதற்கும் முதல் தேமல் தோன்றுவதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழியும். வளர்க்க முடியாத நுண்ணுயிரின் மீது மருந்தைச் சோதிக்க நோயாளியின் உடலைத் தவிர வேறு களம் இல்லை என்ற நிலை இருந்தது. எலியின் பாதத்தில் அதனைப் பெருக்கும் முறை 1960 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அன்று கையில் இருந்த ஒரே மருந்து நீரடிமுத்து எண்ணெய். சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த இந்த எண்ணெயை மேற்கத்திய மருத்துவர்கள் ஊசி வழியாகத் தோலுக்குள் செலுத்தினர். வலி மிகுந்த இச்சிகிச்சை பல ஆண்டுகள் தொடர வேண்டியிருந்தது. சிலர் குணமடைந்தனர், சிலர் சிறிதும் குணமடையவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இந்த நோயின் இயல்பே ஆகும். அதனை விளங்கிக் கொள்ளாமல் காக்ரேனின் பணியை மதிப்பிட முடியாது.

நோய் கண்டறிதல்

தொழுநோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவர்களிடம் ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற தேமல்களோடு நின்று விடுகிறது. இது டியூபர்குலாய்டு வகை எனப்படும். இவர்களுள் பலருக்கு மருந்து இல்லாமலேயே நோய் அடங்கிப் போகும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களிடம் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகித் தோல், மூக்கு, தொண்டை, கண், நரம்பு எனப் பரவுகிறது. இது லெப்ரோமட்டஸ் வகை. பிறருக்குத் தொற்றை மிகுதியாகக் கொடுப்பவர்கள் இவர்களே. இவ்வகை தானாகக் குணமாவது அரிது.

இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எல்லா நோயாளிகளையும் ஒன்றாகக் கணக்கிட்டால், தானாக ஆறியவர்கள் மருந்தினால் குணமடைந்தவர்களாகத் தோன்றுவார்கள். நீரடிமுத்து எண்ணெயின் புகழில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததே எனலாம்.

எனவே காக்ரேன் நோயை வகைப்படுத்துவதற்கு முதலிடம் கொடுத்தார். ஊசிமுனையாலும் பஞ்சினாலும் தேமலில் உணர்ச்சியைச் சோதித்தல், முழங்கையின் உட்புறமும் காதின் கீழும் ஓடும் நரம்புகள் தடித்துள்ளனவா என விரலால் தடவிப் பார்த்தல், தோலில் சிறு கீறலிட்டுச் சுரண்டி எடுத்ததைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தல் ஆகியவை அன்று நிலைபெற்று வந்த முறைகள். இவற்றில் எதையும் காக்ரேன் கண்டுபிடிக்கவில்லை. இவற்றை ஒவ்வொரு நோயாளியிடமும் ஒழுங்காகச் செய்து, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து, மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைத் திருமணியில் வேரூன்றச் செய்ததே இவரது பங்கு. மேலோட்டமாகப் பார்த்தால் இது எழுத்தர் வேலை போலத் தோன்றும். பின்னாளில் டாப்சோனை மதிப்பிட முடிந்தது இப்பழக்கத்தினால்தான்.

சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவகத்தில் சிறுவர்களின் தொழுநோய் ஆராயப்பட்டது. குழந்தைகளின் தேமல்களுள் எவை தாமாக மறைகின்றன, எவை முற்றுகின்றன என்பது அங்கு எழுந்த முக்கியமான கேள்வி. ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பதாகச் சொல்லி விட்டால் அதன் பள்ளி, திருமணம், குடும்பத்தின் நற்பெயர் அனைத்தும் பாதிக்கப்பட்ட காலம் அது. தவறாகச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும் ஒரே அளவு கேடு தரக்கூடியவை.

டியூபர்குலாய்டு, லெப்ரோமட்டஸ் ஆகிய இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட நோயாளிகளைத் தனிப் பிரிவாகக் கருத வேண்டும் என்று காக்ரேன் தொடர்ந்து வலியுறுத்தி வந்தார். நிலையற்ற இந்த இடைநிலை நோயே கைகால் நரம்புகளுக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பது. இது குறித்துப் பம்பாயைச் சேர்ந்த நோயியல் அறிஞர் வி. ஆர். கானோல்கருடன் இணைந்து 1958 இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். இடைநிலைப் பிரிவு இன்றைய வகைப்பாட்டிலும் இடம்பெற்றுள்ளது.

ஊரும் ஒதுக்கமும்

மருத்துவமனையில் இடம் பெற்றவர்கள் நோயுற்றோரில் மிகச் சிறு பகுதியினரே. மற்றவர்கள் ஊரிலேயே இருந்தனர். 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் ஆதரவற்று இரந்து திரிந்த நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்திருந்தது. இச்சட்டம் 2016 இல்தான் நீக்கப்பட்டது. தொற்று உள்ளவர்கள் பகலில் தம் நிலத்தில் உழைத்து விட்டு இரவில் மட்டும் குடும்பத்தை விட்டு விலகி ஊர்ப்புறக் கொட்டகையில் உறங்கும் ஏற்பாட்டைக் காக்ரேன் ஆதரித்துச் சோதித்துப் பார்த்தார். உழைப்பையும் உறவையும் பறிக்காமல் குழந்தைகளைத் தொற்றிலிருந்து காப்பது இதன் நோக்கம். மருந்து இல்லாத காலத்தில் இதைவிட மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு எளிதில் கிடைத்திராது. ஆனாலும் இது ஒதுக்கி வைத்தலே. நோயை அது குணப்படுத்தவும் இல்லை.

வேலூர்

1942 இல் வேலூர் மருத்துவப் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஐடா ஸ்கடர் தொடங்கிய இக்கல்லூரியில் தகுதி பெற்ற பேராசிரியர்கள் போதுமான அளவில் இல்லை. காக்ரேன் 1944 இல் முதல்வர் பொறுப்பை ஏற்று ஆட்களைத் திரட்டினார். போர் முடிந்தவுடன் இலண்டனில் இருந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை வேலூருக்கு வரச் செய்தவரும் இவரே.

1947 ஆம் ஆண்டில் பிராண்ட் ஒரு நாள் திருமணிக்கு வந்தார். காக்ரேன் அவருக்கு மருத்துவமனையைச் சுற்றிக் காட்டிக் கொண்டு தோல் மாற்றங்களை விளக்கி வந்தார். பிராண்டின் கண்களோ கைகளையே நோக்கின. வணங்குவதற்குக் கூப்பிய கைகளில் விரல்கள் மடங்கியும் குறைந்தும் இருந்தன. இக்கைகளுக்கு என்ன செய்யப்படுகிறது என அவர் கேட்டார். தாம் தோல் மருத்துவர் என்றும், எலும்பு மூட்டு மருத்துவர் எவரும் இந்நோயின் பக்கம் திரும்பியதில்லை என்றும் காக்ரேன் விடையளித்தார். பிராண்ட் மடங்கிய ஒரு கைக்குள் தம் விரலை நுழைத்து அழுத்தச் சொன்னபோது அப்பிடி வலிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. கையின் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பது அதிலிருந்து புலனாயிற்று. தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவம் வேலூரில் தொடங்கியதற்கு இச்சந்திப்பே காரணம். தமக்குத் தெரியாத துறையைத் தெரியாதது என ஒப்புக்கொண்டது காக்ரேனின் பெருமை என்றே கொள்ள வேண்டும்.

டாப்சோன் ஆய்வு

டாப்சோன் (டைஅமினோடைஃபீனைல் சல்போன், சுருக்கமாக டி.டி.எஸ்.) 1908 இல் செருமனியில் உருவாக்கப்பட்ட வேதிப்பொருள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதற்கு மருத்துவப் பயன் இருப்பதை யாரும் அறியவில்லை. 1937 இல் அது சிலவகை நுண்ணுயிர்களைக் கொல்லும் எனத் தெரிய வந்தது. ஆனால் மனிதர்களுக்கு அது மிகுந்த நச்சுத்தன்மை உடையது எனக் கருதப்பட்டதால் அதிலிருந்து வேறு பொருள்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றான புரோமினை அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபாஜெட் 1941 முதல் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து, 1943 இல் நல்ல முடிவுகளை அறிவித்தார். தொழுநோயை மருந்தால் அடக்க முடியும் என்பதற்கான முதல் நம்பகமான சான்று இது.

புரோமினைச் சிரைக்குள் ஊசியாகச் செலுத்த வேண்டும். அதுவும் ஏறத்தாழ நாள்தோறும். விலையும் மிகுதி. சில நூறு நோயாளிகள் வாழும் அமெரிக்க மருத்துவமனைக்கு அது பொருந்தும். இலட்சக்கணக்கான நோயாளிகளைக் கொண்ட இந்தியாவில், மருத்துவரையே காணாத ஊர்களில், அது நடவாத காரியம்.

புரோமின் போன்றவை உடலுக்குள் சென்று சிதைந்து பெரும்பாலும் டி.டி.எஸ். ஆகவே மாறுகின்றன என்றால், மூலப்பொருளையே சிறு அளவில் ஏன் கொடுக்கக் கூடாது என்பது அடுத்த கேள்வி. டி.டி.எஸ். அக்காலத்தில் கறவை மாடுகளின் மடிவீக்க நோய்க்குக் கால்நடை மருத்துவத்தில் கையாளப்பட்டது. 1946 இல் காக்ரேனும் உடன் பணியாற்றியோரும் அதனை எண்ணெயில் கலந்து தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தத் தொடங்கினர். கே. இராமானுஜம் உள்ளிட்ட மருத்துவர்கள் இக்குழுவில் இருந்தனர். இரண்டரை ஆண்டுகளின் முடிவுகள் 1949 இல் தொழுநோய் ஆய்விதழில் வெளியாயின.

மருந்தின் பயனைக் காண்பதற்கு ஏற்றவர்கள் தானாகக் குணமடைய வாய்ப்பில்லாத லெப்ரோமட்டஸ் நோயாளிகளே. அவர்களிடம் மூக்கிலும் தொண்டையிலும் இருந்த புண்கள் முதலில் ஆறின. முன்னர் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியவர்களுக்குக் கழுத்தில் துளையிட வேண்டியிருந்தது, அந்நிலை குறைந்தது. முகத்திலும் காதுமடலிலும் இருந்த தடிப்புகள் பிறகு தணிந்தன. நுண்ணோக்கியில் தெரிந்த நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில் இறங்கியது. இந்த மெதுவான இறக்கத்தைக் கண்டறியவே பழைய பதிவேடுகள் பயன்பட்டன.

மருந்து தீங்கற்றது அன்று. குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை ஏற்படுவதும், தோலில் கடும் ஒவ்வாமை தோன்றுவதும், சிகிச்சையின் நடுவே காய்ச்சலுடன் நோய் எதிர்வினை எழுவதும் உண்டு. எனவே சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் முறை வழக்கத்திற்கு வந்தது. ஏறக்குறைய இதே காலத்தில் நைசீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ என்பவர் டி.டி.எஸ். மருந்தை மாத்திரையாக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவில் கொடுத்தால் போதும் எனக் காட்டினார். ஊசி தேவையற்றுப் போயிற்று. ஆகவே இக்கண்டுபிடிப்பின் பெருமை ஒருவருக்கு மட்டும் உரியது அன்று. கார்வில், திருமணி, உசுவாகோலி ஆகிய மூன்று ஊர்களும் அதில் பங்கு கொண்டவை.

நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலச் சமவாய்ப்பில் இரு குழுக்களாகப் பிரித்து மருந்துகளை ஒப்பிடும் முறை அப்பொழுதுதான் பிரித்தானியாவில் காசநோய் ஆய்வின் மூலம் அறிமுகமாகிக் கொண்டிருந்தது. திருமணி ஆய்வு அவ்வகையைச் சேர்ந்ததன்று. மனிதர்கள் மீதான ஆய்வுக்குரிய எல்சிங்கி அறநெறி அறிக்கை 1964 இல்தான் வந்தது. இன்றைய அளவுகோல்களின்படி இவ்வாய்வு குறைபாடு உடையதே. எனினும் முன்னர் இறங்காத எண்ணிக்கை தொடர்ந்து இறங்கியதை வேறு எவ்வகையிலும் விளக்க இயலவில்லை.

ஆய்வின் பின்விளைவுகள்

மாத்திரை வந்ததும் நோயாளியை அடைத்து வைக்க வேண்டிய தேவை குறையலாயிற்று. 1955 இல் மதுராந்தகம் வட்டத்தில், உத்திரமேரூருக்குத் தொலைவில் இல்லாத பொலம்பாக்கத்தில், பெல்சிய மருத்துவர் ஃபிரான்சு ஹெமரிக்சு தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். கிளேர் வெல்லூ என்ற பெண் மருத்துவர் அவருடன் பணியாற்றிப் பின்னர் அப்பணியைத் தொடர்ந்தார். மருத்துவக் குழு வண்டியில் ஊர் ஊராகச் சென்று, சாலையோர மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்து, டாப்சோன் மாத்திரைகளைக் கொடுத்து வந்தது. நோயாளி தன் வீட்டிலேயே இருந்தார். பத்தாண்டுகளுக்கு முன் இரவுக் கொட்டகை தேவைப்பட்ட அதே மாவட்டத்தில் நிகழ்ந்த மாற்றம் இது.

அதே 1955 இல் இந்திய அரசு லேடி வில்லிங்டன் மருத்துவமனையையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் மருத்துவகத்தையும் ஏற்று நடுவண் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் இதே காலத்தில் டாப்சோனை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது.

டாப்சோன் நுண்ணுயிரை வளரவிடாமல் தடுக்கிறது, விரைவில் கொல்வதில்லை. லெப்ரோமட்டஸ் நோயாளிகள் பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும், மாத்திரை உட்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. 1964 இல் மலேசியாவின் சுங்கை பூலோ மருத்துவமனையில் டாப்சோனுக்கு அடங்காத நுண்ணுயிர் உறுதி செய்யப்பட்டது. ஒரே மருந்தை நம்பியதன் விலை அது. உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகியவற்றை டாப்சோனுடன் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. காக்ரேன் தம் வாழ்நாளிலேயே இதனைக் கண்டார்.

பிற்காலம்

காக்ரேன் 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பி, பிரித்தானிய சுகாதார அமைச்சகத்தின் தொழுநோய் ஆலோசகராகவும் சர்ரே மாவட்டத்தின் ஜோர்டன் மருத்துவமனையில் தொழுநோய் ஆய்வுப் பிரிவின் இயக்குநராகவும் இருந்தார். 1947 இல் இவர் எழுதிய பாடநூலுக்குப் பின், பல அறிஞர்களின் கட்டுரைகளைக் கொண்டு இவர் பதிப்பித்த பெருநூல் 1959 இல் வெளிவந்தது. 1964 இல் ஃபிராங்க் டேவியுடன் இணைந்து அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டு வந்தார். தொழுநோய் மருத்துவர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த நூல் இதுவே. ஓய்வு பெறும் வயதைக் கடந்த பின்னும், 1960களின் பிற்பகுதியில், கள்ளக்குறிச்சிப் பகுதியில் உள்ள வடத்தொரசலூர் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். தன்சானியாவிலும் சில காலம் இருந்தார்.

கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், டேமியன்-டட்டன் விருது ஆகியவை இவருக்கு வழங்கப்பட்டன. காக்ரேன் 1985 ஆம் ஆண்டில் காலமானார். நோயாளியை இழிவாகக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட வேண்டும் என்ற கருத்தைப் பன்னாட்டுத் தொழுநோய் மாநாடுகள் இவர் காலத்தில் ஏற்றுக் கொண்டிருந்தன. தமிழிலும் குட்டம், பெருநோய் முதலிய பழைய சொற்களின் இடத்தைத் தொழுநோய் என்னும் சொல் பெற்றது. இந்திய அரசு 2005 ஆம் ஆண்டின் இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இந்நோய் குறைந்து விட்டதாக அறிவித்தது. ஆயினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். அவர்களுக்கு இலவசமாக வழங்கப்படும் மாத்திரை அட்டையில் டாப்சோன் இன்றும் இடம்பெறுகிறது.